குளத்துப் பறவைக்கு ஒரு கணக்கு நோட்டு

கும்பப்பூப் பயிர் கதிர் வாங்கும் தை மாதத்தில் நாஞ்சில் நாட்டுக் குளங்களில் தண்ணீர் நிறைந்து கிடக்கும். அந்நாட்களில் தேரூர்க் குளக்கரையிலோ சுசீந்திரம் குளக்கரையிலோ காலையில் நடந்து செல்பவர் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, நாமக்கோழி, தாமரை இலைமீது நடந்து திரியும் இலைக்கோழி ஆகியவற்றைப் பார்க்கலாம். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் ஆசியாவின் வட பகுதிகளிலிருந்து குளிருக்குத் தப்பி வருபவை. பழையாறு கடலில் சேரும் மணக்குடிக் காயலிலும் புத்தளம் உப்பளங்களிலும் பூநாரைக் கூட்டம் இறங்குவதுண்டு.

முன்பு பறவைகள் இதைவிட அதிகம் என்று கரையோர ஊர்களில் பெரியவர்கள் சொல்வார்கள். எவ்வளவு அதிகம் என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. குளத்தின் பரப்பு வருவாய்த் துறைப் பதிவேட்டில் இருக்கிறது. எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்பது கிராம அடங்கலில் இருக்கிறது. அந்தக் குளத்தில் எத்தனை பறவைகள் தங்கின என்ற கணக்கு மட்டும் பெரும்பாலான ஊர்களில் எந்த ஏட்டிலும் இல்லை. அந்த ஏட்டைத் தொடங்குவதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், ஆண்டுதோறும் ஒரு காலை நேரமும், கரையில் நிற்கும் பொறுமையும் போதும்.

கணக்கில்லாததால் வரும் நஷ்டம் சிறியதல்ல. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் கடல் பேரலை மணக்குடியில் பாலத்தையே பெயர்த்தெறிந்தது. 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் மாவட்டம் முழுவதும் மரங்களைச் சாய்த்தது. விழுந்த தென்னையையும் வாழையையும் ரப்பரையும் எண்ணிவிட முடிந்தது. விழுந்த மரங்களில் எத்தனை கொக்கும் நீர்க்காகமும் இரவில் அடைந்தன என்பதைப் புயலுக்குப் பிறகு யாரும் எண்ண முடியாது. அது முன்பே எழுதி வைத்திருக்க வேண்டிய கணக்கு. குளத்தின் ஓரத்தில் மண் கொட்டி வீட்டுமனையோ சாலையோ வரும்போதும் நிலைமை இதுதான். இங்கே பறவை ஒன்றும் பெரிதாக இருந்ததில்லை என்று ஒருவர் சொன்னால் மறுத்துப் பேசக் கையில் ஒரு தாளாவது வேண்டும்.

விவசாயிக்கு இதில் என்ன?

இந்தக் கேள்வி நியாயமானது. செங்கல்பட்டுப் பகுதியில் உள்ள வேடந்தாங்கல் விவசாயிகள் இதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்டுவிட்டனர். ஆங்கிலேயச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டனர். 1798-ஆம் ஆண்டு வாக்கில் பறவைகளைக் காக்கும் உரிமை அவர்களுக்கு எழுத்து மூலம் கிடைத்தது. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தனர். நமக்குப் பக்கத்தில், நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்திலும் எச்சம் படிந்த வண்டலை வயலுக்கு எடுப்பார்கள். தீபாவளிக்கு வெடி வெடிப்பதைத் தவிர்ப்பார்கள். அந்த ஊர் 1994-ல் சரணாலயமாயிற்று. சரணாலயம் என்று அரசு எழுதுமுன்பே பறவை அங்கே பத்திரமாகத்தான் இருந்தது.

உண்ணிக்கொக்கு உழவு மாட்டின் பின்னும் டிராக்டரின் பின்னும் நடந்து வெட்டுக்கிளியையும் புழுவையும் பொறுக்கும். நத்தைகுத்தி நாரை, பெயருக்கேற்ப, வயல் நத்தையைத் தின்னும். இரவில் கூகை பிடிக்கும் எலிகளுக்குக் கணக்கில்லை. அபசகுனம் என்று அதை விரட்டுபவர் தம் நெல்லை எலிக்குக் கொடுப்பவர் ஆவார்.

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. நீலத்தாழைக்கோழி நாற்றையும் இளம்பயிரையும் ஒடித்துப்போடும். சில்லைக் கூட்டம் பால்பிடித்த கதிரில் விழும். மயில் தொல்லை பற்றித் தோவாளை, கல்குளம் பக்கத்து விவசாயிகளிடம் கேட்டால் தெரியும். இந்தத் தொல்லைகளுக்கும் கணக்கே ஆதாரம். இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2023-ல் வெளியான அறிக்கை, மயில் நாட்டில் வேகமாகப் பெருகிவருவதைக் காட்டியது. சுமார் 30,000 பேர் எழுதியனுப்பிய சுமார் 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்து அந்த அறிக்கை தயாரிக்கப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் பறவை பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட சாதாரண மக்களே. மயில் மிகுந்துவிட்டது என்று வாயால் சொல்லும் புகாரைவிட, இந்த வயலில் இந்தத் தேதியில் இத்தனை மயில் என்று ஐந்தாண்டுக்கு எழுதிய நோட்டு அதிகாரியின் மேசையில் கனமாக இருக்கும். மயிலைக் கொல்வதோ விஷம் வைப்பதோ கடும் தண்டனைக்குரிய குற்றம் என்பதால், எழுத்தே விவசாயிக்கு இருக்கும் நேர்வழி.

பொதுமக்கள் பறவையை எண்ணுவது புதிய வழக்கமும் அல்ல. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளில் கூட்டமாகச் சென்று பறவைகளைச் சுடும் பழக்கம் இருந்தது. 1900-ஆம் ஆண்டு பிராங்க் சாப்மன் என்பவர், சுடுவதை விட்டு எண்ணுங்கள் என்றார். முதலாண்டு 27 பேர் 25 இடங்களில் எண்ணினார்கள். அது இன்றுவரை நடந்துவருகிறது. நம் பகுதி திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த காலத்தில், 1933-ல், சாலிம் அலி அந்த சமஸ்தானத்தில் பறவை ஆய்வு நடத்தினார். எந்த இடத்தில், எந்த நாளில், எந்தப் பறவை என்று அவர் குறித்துவைத்ததால், சுமார் 75 ஆண்டுகளுக்குப் பிறகு கேரளத்தில் அதே தடத்தில் சென்று ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

எண்ணும் முறை

ஜனவரி மாதமே ஏற்றது. வரவேண்டிய பறவை வந்து சேர்ந்து, திரும்பிப் போகத் தொடங்காமல் ஒரே இடத்தில் நிலைத்திருக்கும் காலம் அது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரியில் நடப்பதற்கும் இதுவே காரணம். ஊரில் எண்ணுவோரும் பொங்கலை ஒட்டி ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளையோ அதற்கு மிக அருகிலுள்ள நாளையோ கைக்கொள்ள வேண்டும்.

சூரியன் உதித்த சிறிது நேரத்தில் தொடங்கி எட்டரை மணிக்குள் முடிப்பது நல்லது. கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் வெயில் முதுகில் விழும். பறவையின் நிறம் தெரியும். மேற்குக் கரையில் நின்றால் எல்லாமே கறுப்பாகத் தெரிந்து வாத்தும் நாமக்கோழியும் ஒன்றாகிவிடும். தாமரைப் பூ பறிப்பவர்கள் தண்ணீரில் இறங்குமுன் எண்ணிவிட வேண்டும். அவர்களையே கூட்டிக்கொள்வது இன்னும் நல்லது. எந்த இலைக்கூட்டத்தில் எந்தக் கோழி முட்டையிடுகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

இருவர் தேவை. ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். பார்ப்பவரே எழுதக் குனிந்தால் நிமிர்வதற்குள் கூட்டம் இடம் மாறிவிடும். கையில் பைனாகுலர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கரைக்கு அருகிலுள்ள பெரிய பறவைகளை மட்டும் எண்ணி, அப்படித்தான் எண்ணினோம் என்று எழுதிவிடலாம். பெரிய குளமானால் கரையில் இரண்டு மூன்று இடங்களை நிலையாக வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இடத்திலிருந்தும் எந்தப் பனை முதல் எந்த மடை வரை பார்ப்பது என்று எல்லை பிரித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒரே கூழைக்கடா மூன்று முறை கணக்கில் ஏறும்.

கூழைக்கடா, நாரை போன்றவற்றை ஒவ்வொன்றாக எண்ணலாம். நூற்றுக்கணக்கில் மிதக்கும் நாமக்கோழிக்கும் வாத்துக்கும் அது நடவாது. முதலில் ஓரத்தில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணால் அளந்துகொள்ள வேண்டும். பிறகு அந்த அளவைக் கூட்டத்தின் மீது வைத்து வைத்துப் பத்து, இருபது, முப்பது என்று செல்ல வேண்டும். களத்தில் குவித்த நெல்லைப் பார்த்தே எத்தனை கோட்டை என்று சொல்லும் ஊரில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் கலைந்தும் இருக்கும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. மரத்தில் அடையும் கொக்குகளை எண்ண மாலை நேரமே ஏற்றது. ஐந்தரை மணி முதல் இருட்டும் வரை ஓரிடத்தில் நின்று, வந்து இறங்குபவற்றை எண்ண வேண்டும்.

பெயர் தெரியாத பறவைக்குப் பெயர் வைப்பதுதான் இந்த வேலையில் பெரிய தவறு. வெள்ளைக் கொக்கில் மஞ்சள் அலகு கொண்ட குட்டைக் கழுத்துக்காரன் உண்ணிக்கொக்கு. கறுப்பு அலகும் மஞ்சள் விரல்களும் உடையது சின்ன வெள்ளைக்கொக்கு. உடலைத் தண்ணீரில் அமிழ்த்திக் கழுத்தைப் பாம்பு போல் நீட்டிச் செல்வது பாம்புத்தாரா. நத்தைகுத்தி நாரையின் அலகு மூடியிருக்கும்போதும் நடுவில் இடைவெளி தெரியும். இவற்றை ஒரு மாதத்தில் பழகிவிடலாம். பழுப்பு நிறப் பெண் வாத்துகளைப் பிரித்தறிவது நிபுணர்களுக்கே கடினம். அங்கே "சிறு வாத்து, இனம் தெரியவில்லை, 40" என்று எழுதுவதே சரியான கணக்கு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊரில் வழங்கும் பெயரை அப்படியே எழுதி, பக்கத்தில் அடையாளத்தைக் குறித்தால் போதும். நூற்பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

சென்ற ஆண்டு வந்த பறவை இவ்வாண்டு வரவில்லை என்றால் அதன் நேரே சுழியம் போட வேண்டும். வெற்றிடமாக விட்டால், இல்லை என்பதா, பார்க்க மறந்ததா என்று பத்தாண்டு கழித்துப் படிப்பவருக்குத் தெரியாது. எண்ணியதைப் பிற்பாடு திருத்தவும் கூடாது. குறைவாக இருக்கிறதே என்று கூட்டி எழுதுபவர் பறவைக்கு நன்மை செய்வதாக நினைக்கலாம். உண்மையில் அவர் நோட்டையே செல்லாததாக்குகிறார். எண்ணுபவர் மாறும் ஆண்டில் பழையவரும் புதியவரும் ஒரே காலையில் தனித்தனியே எண்ணி, இரண்டு எண்களையும் எழுதிவைக்க வேண்டும். புதியவரின் கண் எவ்வளவு கூட்டும், எவ்வளவு குறைக்கும் என்பது அப்போது தெரிந்துவிடும்.

தண்ணீரையும் எழுத வேண்டும்

பறவையின் எண்ணிக்கை மட்டும் தனியே நின்றால் பாதி அர்த்தமே தரும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டில் எல்லாக் குளங்களும் வயல்களும் தண்ணீராக இருப்பதால் பறவைகள் சிதறிவிடும். ஒரு குளத்தில் எண்ணிக்கை குறையும். மழை குறைந்த ஆண்டில் தண்ணீர் நிற்கும் ஒன்றிரண்டு குளங்களில் அவை நெருங்கிக் கூடும், எண்ணிக்கை ஏறும். இதை அறியாதவர் நல்ல ஆண்டைக் கெட்டதென்றும் கெட்ட ஆண்டை நல்லதென்றும் எழுதிவிடுவார். ஆகவே மடைக்கல்லில் தண்ணீர் எந்தப் படி வரை நிற்கிறது, மறுகால் போகிறதா, தாமரையும் ஆகாயத்தாமரையும் குளத்தில் எவ்வளவு பங்கை மூடியிருக்கின்றன, சுற்று வயலில் என்ன பயிர், எந்த நிலையில், கடைசியாக மருந்து அடித்தது எப்போது, குப்பை அல்லது மண் கொட்டப்பட்டிருக்கிறதா என்பவற்றையும் சேர்த்து எழுத வேண்டும். ஓராண்டுக் கணக்கு எதையும் நிரூபிக்காது, ஐந்தாண்டில் ஒரு போக்கு தென்படும், பத்தாண்டில் பேசும்.

கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரு பூ விளைந்த வயல்கள் பல இடங்களில் தென்னந்தோப்பாகவும் வாழைத்தோட்டமாகவும் மனைகளாகவும் மாறிவிட்டன. குளத்துப் பறவைக்குக் குளம் வீடு என்றால் வயல்தான் சாப்பாட்டுக்கடை. குளம் அப்படியே இருந்தும் பறவை குறைந்தால் காரணத்தை வயலில் தேட வேண்டியிருக்கும். அதனால் நாஞ்சில் நாட்டார் பத்து என்று சொல்லும் வயல்வெளியில் இவ்வாண்டு எத்தனை ஏக்கர் நடவு என்பதும் நோட்டில் இடம்பெறுவது நல்லது.

கணக்கு எங்கே சேரும்?

முதலாவதாக ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு அனுப்பலாம். வனத்துறையும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. அந்த நாள்களில் வனத்துறை அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு 2015 முதல் தமிழகத்தில் நடக்கிறது. அதற்கு வீட்டுத் தோட்டத்தில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணினாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். கைப்பேசியில் பதிவு செய்ய ஈ-பேர்ட் என்ற செயலி இருக்கிறது. வீட்டுப் பிள்ளைகள் அதை ஒரு நாளில் கற்றுக்கொள்வார்கள். பக்கத்துத் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளில் தாமிரபரணிப் பாசனக் குளங்களை 2011 முதல் தன்னார்வலர்கள் ஜனவரியில் எண்ணி வருகின்றனர். அங்கே போய் ஒரு காலை உடனிருந்து பார்த்தால் இத்தனை வரிகளில் சொன்னதைவிடத் தெளிவாக விளங்கும்.

இப்படிச் சேரும் கணக்குகள் காகிதமாகவே நின்றுவிடுவதில்லை. ஈரானில் உள்ள ராம்சர் நகரில் 1971-ல் உருவான உடன்படிக்கையின்படி, ஒரு நீர்நிலையில் வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகளோ, ஒரு பறவையினத் தொகுதியில் நூற்றுக்கு ஒரு பங்கோ தங்கினால், அதை உலக முக்கியத்துவம் வாய்ந்ததாக ஏற்க அது ஓர் அளவுகோல். எண்ணாமல் இந்த அளவுகோலைப் பயன்படுத்தவே முடியாது. வேறு அளவுகோல்களும் உண்டு. நம் மாவட்டத்தில் சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. வேம்பனூரின் பரப்பு 20 ஹெக்டேருக்கும் குறைவு. சிறிய குளம்தானே என்று எண்ணத் தயங்குபவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

இரண்டாவது இடம், ஊருக்குள்ளேயே இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பன்மைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைந்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட வேண்டும். பல இடங்களில் இது ஒருமுறை எழுதி அலமாரியில் வைத்த ஏடாகவே இருந்துவிடுகிறது. குளத்து நோட்டின் ஒரு நகலை ஆண்டுதோறும் மனுவுடன் ஊராட்சியில் கொடுத்துப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லி, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குவது அவசியம்.

சுசீந்திரம், தேரூர், மணக்குடி பகுதிகளைச் சேர்ந்தவர்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. 2015-ல் இவை பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. சரணாலயத்திலிருந்து இது வேறுபட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-ல் செய்த திருத்தத்தின் மூலம் வந்த இந்த ஏற்பாட்டில், உள்ளூர் மக்களைக் கலந்துகொண்ட பிறகே காப்பகம் அறிவிக்க முடியும். அதன் மேலாண்மைக் குழுவில் எல்லைக்குட்பட்ட ஒவ்வோர் ஊராட்சியின் பிரதிநிதிக்கும், வேளாண்மைத் துறை, கால்நடைத் துறைப் பிரதிநிதிகளுக்கும் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. இந்தியாவில் இவ்வகையில் முதலாவது, நெல்லைச் சீமையில் தாமிரபரணிக் கரையிலுள்ள திருப்புடைமருதூர்; ஊரார் காத்த மரங்களிலுள்ள பறவைகளுக்காக 2005-ல் அறிவிக்கப்பட்டது. குழுவில் விவசாயிகளின் குரல் இருக்கிறதா என்று ஊராட்சியில் கேட்பது பறவை எண்ணுபவரின் உரிமை. மடை திறப்பதும் தூர் வாருவதும் தாமரைக் குத்தகையும் பறவைக் கூடும் மோதும் இடத்தில் பேசித் தீர்க்க அதுவே பொருத்தமான இடம். கூடு கட்டும் காலத்தில் எந்த மூலையில் தூர் வாரக்கூடாது என்று சொல்ல, எந்த மூலையில் கூடு இருந்தது என்ற பதிவு கையில் இருக்க வேண்டும்.

கூடு இருக்கும் இடத்தை ஊராட்சிக்கும் வனத்துறைக்கும் சொல்லலாம். படம் எடுத்து எல்லோருக்கும் கைப்பேசியில் அனுப்பக்கூடாது. கண்ணி வைப்பவரும் அதைப் பார்க்கிறார். கூட்டுக்கு அருகில் போவதும், பறக்க வைத்து எண்ணுவதற்காகக் கல்லெறிவதும், வெடி போடுவதும் அறவே கூடாது. கண்ணியோ விஷம் கலந்த தீனியோ கண்டால் தேதி, நேரம், இடம் குறித்து வனத்துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தாமே மோதப் போவது ஆபத்து.

நோட்டின் முதல் பக்கத்தில் குளத்தின் படத்தைக் கையால் வரைந்து, மடைகள், மறுகால், நின்று எண்ணும் இடங்கள், அடையும் மரங்கள் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். படத்தின் கீழ் குளத்தின் பெயரும் புல எண்ணும் இருக்கட்டும். நோட்டு ஒருவர் வீட்டில் மட்டும் இருந்தால் அவரோடு அதுவும் போய்விடும். ஆகவே ஒரு நகல் பள்ளிக்கூடத்திலும் ஒரு நகல் பாசன விவசாயிகள் சங்கத்திலும் இருப்பது நல்லது. வரும் ஜனவரிக்குக் குறித்த நாளுக்கு இரண்டு வாரம் முன்பாகவே ஒரு காலையில் போய் ஒத்திகை பார்த்துக்கொண்டால், முதல் கணக்கிலேயே கை நடுங்காது.